நேச்சஸ் போறதுக்கு முன்னாடி எல்லாரும் கேட்கிற கேள்விகள்

நாங்க இருக்கிறது ஹூஸ்டன்ல. மிசிசிப்பி ஆத்தோரம் இருக்கிற நேச்சஸ்ங்கிற சின்ன ஊருக்கு இதுவரைக்கும் நாலு தடவை போயிட்டு வந்துட்டேன், ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்ததும் ஃப்ரெண்ட்ஸ், சொந்தக்காரங்கன்னு யாராவது கூப்பிட்டு அதே கேள்விகளையே கேட்கிறாங்க. எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டா போறவங்களுக்கு உபயோகமா இருக்கும்னு எழுதுறேன். எனக்கு இந்த ஊர் ரொம்ப முக்கியம், அது ஏன்னு கீழ படிக்கும்போது புரியும்.

பேரை எப்படி சொல்லணும்? லூசியானால இருக்கிற ஊர்தானே?

"நேச்சஸ்"னு சொல்லுங்க போதும். லூசியானால இருக்கிறது வேற ஊர், அதோட ஸ்பெல்லிங் இதே மாதிரி ஆரம்பிச்சு நீளமா போகும் ஆனா அங்க உள்ளவங்க அதை "நாக்கடிஷ்"னு சொல்லுவாங்க. ஜிபிஎஸ்ல மாத்தி போட்டுட்டு போய் நின்னவங்களை எனக்கு தெரியும், அதனால முதல்லயே சொல்லிடறேன். நாம போற நேச்சஸ் மிசிசிப்பி மாநிலத்தோட தென்மேற்கு மூலைல, ஆத்துக்கு கிழக்கு கரைல, சுமார் 200 அடி உயர மேட்டு மேல இருக்கு. பாலத்தைத் தாண்டினா அந்தப் பக்கம் விடாலியா, அது லூசியானா.

எப்படி போறது?

கார்தான். ரயில் கிடையாது, ரெகுலர் ஃப்ளைட்டும் கிடையாது. ஜாக்சன்ல இருந்து சுமார் 100 மைல், பேட்டன் ரூஜ்ல இருந்து 90 மைல், நியூ ஆர்லியன்ஸ்ல இருந்து மூணு மணி நேரம், ஹூஸ்டன்ல இருந்து அஞ்சு மணி நேரத்துக்கு மேல ஆகும்.

15,000 பேர் கூட இல்லாத ஊர்ல ரெண்டு நாள் பார்க்க என்ன இருக்கு?

2020 கணக்குப்படி ஜனத்தொகை 14,520. நம்ம ஊர் பேரூராட்சி சைஸ்தான். ஆனா 1716-ல ஃப்ரெஞ்சுக்காரங்க ரோசலின்னு கோட்டை கட்டினதுல இருந்து கணக்கு பண்ணா நியூ ஆர்லியன்ஸை விட ரெண்டு வருஷம் மூத்த ஊர் இது. ஃப்ரெஞ்சு, அப்புறம் பிரிட்டிஷ், அப்புறம் ஸ்பானிஷ், 1798-ல அமெரிக்கானு கை மாறிட்டே வந்திருக்கு. மிசிசிப்பி பிரதேசத்துக்கு முதல் தலைநகரம் இதுதான். டவுன் தெருக்கள்ல சும்மா நடந்தாலே வெள்ளைத் தூண் வெச்ச வீடு, இரும்பு கம்பி வேலி, ஓக் மரத்துல இருந்து சடை சடையா தொங்குற ஸ்பானிஷ் மாஸ், தெரு முடிவுல திடீர்னு பள்ளத்துல பெரிய ஆறு. கண்ணுக்கு அவ்ளோ அழகு. அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தாங்கங்கிறதையும் அதே தெருவுல நின்னு பார்க்க முடியும், ரெண்டையும் சேர்த்து பார்க்கத்தான் ரெண்டு நாள் வேணும்னு சொல்றேன்.

நேச்சஸ்ங்கிறது யாரோட பேர்?

அங்க முதல்ல இருந்த பூர்வகுடி மக்களோட பேர். டவுனுக்குள்ளயே 'கிராண்ட் வில்லேஜ்'னு அவங்க முக்கிய கிராமம் இருந்த இடத்தை பாதுகாத்து வெச்சிருக்காங்க, புல் மூடின மூணு மண்மேடு, ஒரு சின்ன மியூசியம். அவங்க தலைவரை 'பெரிய சூரியன்'னு கூப்பிடுவாங்க, அவருக்கு அப்புறம் பட்டம் அவர் மகனுக்கு போகாது, சகோதரி மகனுக்குத்தான் போகும். நாஞ்சில் நாட்டுப் பக்கம் மருமக்கள்தாயம் கேள்விப்பட்டவங்களுக்கு இது சட்டுனு புரியும்.

ஃப்ரெஞ்சுக்காரங்க நிலத்தை மேல மேல கேட்டுட்டே இருந்தாங்க, 1729 நவம்பர்ல நேச்சஸ் மக்கள் திருப்பி அடிச்சாங்க, 200-க்கு மேல ஃப்ரெஞ்சுக்காரங்க செத்தாங்க. அதுக்கு பதிலடி பயங்கரமா இருந்துச்சு, 1731-க்குள்ள அவங்கள்ல நூத்துக்கணக்கான பேரை பிடிச்சு இப்ப ஹெய்ட்டினு சொல்ற தீவுக்கு அடிமையா வித்துட்டாங்க. தப்பிச்சவங்க சிக்கசா, கிரீக், செரோக்கி மக்களோட போய் சேர்ந்தாங்க, அவங்க வம்சாவளி இன்னிக்கும் ஓக்லஹோமால இருக்காங்க. அவங்க பாஷைக்கு உறவு பாஷைன்னு உறுதியா எதுவும் இல்ல, தனி மொழி. அதை சரளமா பேசின கடைசி ரெண்டு பேர்ல ஒருத்தர் 1944-லயும் இன்னொருத்தர் 1957-லயும் காலமானாங்க. ஊர் பேர்ல மட்டும்தான் அந்த சொல் இப்ப தினம் தினம் எல்லார் வாயிலயும் வருது. பாஷைக்காக உருகுற நம்ம ஆளுங்க அந்த மேட்டுல ஒரு பத்து நிமிஷமாவது நிக்கணும்னு எனக்கு ஆசை. நுழைவு ஃப்ரீதான்.

அவ்ளோ சின்ன ஊர்ல இத்தனை மாளிகை எப்படி?

ஒரே வார்த்தை, பருத்தி. நான் கோவில்பட்டி பக்கம் கரிசக்காட்டுக்காரன், பருத்தி எடுக்கிறதுன்னா என்னன்னு எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். வெடிச்ச காயோட நுனி காஞ்சு முள்ளு மாதிரி நிக்கும், அதுக்கு நடுவுல விரலை விட்டு பஞ்சை இழுக்கணும், எங்க அம்மா நகக்கண்ணெல்லாம் சீசன் முடியிற வரைக்கும் கீறலாவே இருக்கும், ராத்திரி ரசம் சோறு பிசையும்போது எரியுதுன்னு கையை உதறுவாங்க. அம்மா கூலிக்கு எடுத்தாங்க, வேண்டாம்னா ஒருநாள் வீட்ல இருந்துக்கலாம். அங்க எடுத்த கறுப்பின அடிமைகளுக்கு கூலியும் இல்ல, வேண்டாம்னு சொல்ற வாயும் இல்ல, அளவு குறைஞ்சா சவுக்கடி.

1793-ல எலி விட்னியோட ஜின் மெஷின் வந்ததும் விதையையும் பஞ்சையும் பிரிக்கிறது சுலபமாச்சு. பக்கத்துல ராட்னிங்கிற ஊர்ல ரஷ் நட்ங்கிற டாக்டர் மெக்சிகோ ரகத்துல இருந்து 'பெட்டி கல்ஃப்'னு ஒரு ரகத்தை எடுத்தாரு, நோய் தாங்கும், எடுக்கிறதுக்கும் லேசு. ஆத்துல நீராவி கப்பல் ஓட ஆரம்பிச்சதும் பேல் பேலா நியூ ஆர்லியன்ஸ் போய் அங்கிருந்து லிவர்பூல் போச்சு. தோட்டங்கள் நிறைய ஆத்துக்கு அந்தப் பக்கம் லூசியானா தாழ்வு நிலத்துல, வெள்ளமும் காய்ச்சலும் அங்க. முதலாளிங்க மட்டும் மேட்டு மேல காத்தோட்டமா நேச்சஸ்ல வீடு கட்டிக்கிட்டாங்க. அதனாலதான் மாளிகையைச் சுத்தி பருத்திக்காட்டை தேடினா கிடைக்காது, வேலை நடந்த இடம் வேற, காசு வந்து இறங்கின இடம் வேற.

இதுக்கும் நம்ம ஊருக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கா?

இருக்கு, நேரடியாவே இருக்கு. 1840 வாக்கில கிழக்கிந்திய கம்பெனி அமெரிக்க தென் மாநிலங்கள்ல இருந்து 10 பருத்தி ஆளுங்களை சம்பளத்துக்கு எடுத்து இந்தியாவுக்கு அனுப்புச்சு, அமெரிக்க ரகத்தை இங்க விளைய வெச்சுட்டா இங்கிலாந்து லங்காஷயர் மில்லுங்க அமெரிக்காவை நம்பி இருக்க வேண்டாம்னு கணக்கு. அதுல சில பேர் வந்தது கோயம்புத்தூர் பக்கம், அங்க அந்த சோதனைப் பண்ணைகளை பார்த்துக்கிட்டவர் ராபர்ட் வைட், தென்னிந்திய செடிகொடிகளை படம் போட்டு புத்தகம் புத்தகமா கொண்டுவந்த அதே வைட்தான். திட்டம் எதிர்பார்த்த அளவு ஓடல, நம்ம மண்ணும் மழையும் வேற. ஆனா 1861-ல அமெரிக்கால உள்நாட்டுப் போர் வந்து அங்கிருந்து பஞ்சு நின்னதும் இந்திய பருத்திக்கு விலை எகிறுச்சு, திருநெல்வேலி பருத்தி தூத்துக்குடி வழியா நிறைய கப்பல் ஏறுச்சு. நேச்சஸ்ல பாதில நின்ன வீடும் (லாங்வுட், கீழ சொல்றேன்), நம்ம பக்கம் அப்ப நாலு காசு பார்த்த வியாபாரிங்களும் ஒரே போரோட ரெண்டு முனை.

எந்த வீட்டை பார்க்கிறது? எல்லாத்துக்கும் டிக்கெட் வாங்கினா கட்டுபடியாகாதே?

எல்லாம் வேண்டாம். மூணு வீடு பார்த்தாலே சோஃபா, சாண்டிலியர், பீங்கான்னு ஒண்ணு மாதிரியே இருக்குன்னு தோண ஆரம்பிச்சிடும். நான் சொல்றது ரெண்டுதான்.

முதல்ல மெல்ரோஸ். 1840-கள்ல கட்டினது, இப்ப நேஷனல் பார்க் சர்வீஸ் கைல இருக்கு, அதனால வீட்டுக்காரர் புராணம் மட்டும் பாடாம பின்னாடி அடிமைகள் இருந்த குடியிருப்பையும் காட்டி விளக்குறாங்க. சாப்பாட்டு அறைல மேஜைக்கு நேர் மேல செதுக்கின பெரிய மரப்பலகை ஒண்ணு தொங்கும். முதல் தடவை பார்த்தப்ப எனக்கு தூக்கி வாரிப் போட்டுச்சு, ஏன்னா அது பங்கா. நம்ம ஊர்ல கலெக்டர் பங்களாலயும் கோர்ட்லயும் ஒரு ஆள் உட்கார்ந்து கயிறு இழுப்பாரே அதே பங்கா, பேரும் அதேதான், கைட் அதே சொல்லைத்தான் சொன்னாரு. இங்க கயிறு இழுக்கிறது அந்த வீட்டு அடிமை, பெரும்பாலும் சின்ன பையன். விருந்தாளிங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் ஈ வராம, மெழுகுவத்தி அணையாம ஒரே சீரா இழுத்துட்டே இருக்கணும். பலகைல இருந்து கயிறு எங்க போகுதுன்னு கண்ணால தொடர்ந்து பாருங்க, ஓரத்துல ஒரு ஆள் நிக்கிற இடத்துல போய் முடியும். அந்த இடத்துல நான் ஒரு நிமிஷம் நின்னேன், அங்க நின்னு பார்த்தா மேஜை முழுசா தெரியுது, பேசுறது அத்தனையும் கேட்கும்.

ரெண்டாவது லாங்வுட். எட்டு மூலை வீடு, உச்சில வெங்காயம் மாதிரி குவிமாடம். கட்டினவர் ஹாலர் நட், மேல சொன்ன ரஷ் நட்டோட மகன். ஃபிலடெல்ஃபியா ஆர்க்கிடெக்ட் சாமுவேல் ஸ்லோன் ப்ளான் போட்டு 1860-ல வேலை ஆரம்பிச்சாங்க, 32 ரூம் ப்ளான். 1861-ல போர்னதும் வடக்குல இருந்து வந்த வேலைக்காரங்க போட்டது போட்டபடி ஊருக்கு கிளம்பிட்டாங்க. கீழ்த்தளத்துல 9 ரூம் மட்டும்தான் முடிஞ்சுது. ஹாலர் நட் 1864-ல இறந்துட்டாரு, அவர் மனைவி ஜூலியா பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு அந்த கீழ்த்தளத்துலயே காலத்தை ஓட்டினாங்க. மாடி ஏறினா பூச்சு இல்லாத செங்கல், மேல மேல போற மரச்சட்டம், அப்ப விட்டுட்டு போன வேலை சாமான், பேக்கிங் பெட்டி எல்லாம் இன்னும் இருக்கு. கீழ தளத்துல வெல்வெட் நாற்காலி, ஒரு படி மேல வந்தா கொத்தனார் நேத்துதான் போன மாதிரி. இந்த ஊர்ல இதுக்கு மேல ஒரு வீடு எனக்கு பிடிச்சதில்ல.

பக்கத்து ஊர் விக்ஸ்பர்க் போர்ல நொறுங்கிப் போச்சுன்னு படிச்சிருக்கேன், இது மட்டும் எப்படி தப்பிச்சுது?

விக்ஸ்பர்க்ல 47 நாள் முற்றுகை. நேச்சஸ் 1862 மே மாசமே வடக்கு மாநிலங்களோட யூனியன் கடற்படைகிட்ட சண்டை போடாம சரணடைஞ்சுடுச்சு. பெரும் பணக்காரங்கள்ல நிறைய பேருக்கு அமெரிக்காவை விட்டு தென் மாநிலங்கள் பிரிஞ்சு போறதுல இஷ்டமே இல்ல, வியாபாரம் கெட்டுடும்னு பயம். அப்புறம் இன்னொரு காரணம் வறுமை. போருக்கு அப்புறம் பணம் போச்சு, 1908 வாக்கில பருத்தி காய்ல விழுற பூச்சி வந்து மிச்சத்தையும் தின்னுச்சு, பழைய வீட்டை இடிச்சு புதுசா கட்ட யார்கிட்டயும் காசு இல்ல. அப்படியே நின்னுடுச்சு.

பில்கிரிமேஜ்னு சொல்றாங்களே, கோயில் யாத்திரையா?

இல்ல இல்ல, வீடு பார்க்கிற யாத்திரை. 1931-ல மாநில தோட்டக் கழக மாநாடு இங்க நடக்க இருந்துச்சு, நேரம் பார்த்து உறைபனி விழுந்து பூவெல்லாம் கருகிடுச்சு, வந்தவங்களுக்கு என்ன காட்டுறதுன்னு வீட்டுக் கதவை திறந்து விட்டாங்க. வந்தவங்க வாயைப் பிளந்துட்டாங்க. அடுத்த வருஷம் 1932-ல கேத்தரின் மில்லர்ங்கிற அம்மா முன்ன நின்னு டிக்கெட் போட்டு நடத்தினாங்க, அந்த பெரும் பொருளாதார மந்த காலத்துல ஊருக்கே அதுதான் சோறு போட்டுச்சு. பணத்தை எப்படி பிரிக்கிறதுன்னு சண்டை வந்து ரெண்டு கழகமா உடைஞ்சு கோர்ட் வரைக்கும் போச்சு. இன்னிக்கும் மார்ச், ஏப்ரல்ல நடக்குது, அசேலியா பூத்துக் கிடக்கும், சாதாரண நாள்ல திறக்காத தனியார் வீடுகளும் அப்ப திறக்கும்.

ஆனா ரொம்ப வருஷம் இந்த நிகழ்ச்சில சொன்னது அகலப் பாவாடை கட்டின அம்மணிங்க கதை மட்டும்தான். அந்த வீட்டைக் கட்டின கை, சமைச்ச கை பத்தி பேச்சே இருக்காது. இப்ப மாறிட்டு வருது. நீங்க போற வீட்ல கைட் அதைப் பத்தி பேசலைன்னா "இங்க எத்தனை பேர் அடிமையா இருந்தாங்க, எங்க படுத்தாங்க?"ன்னு மரியாதையா கேளுங்க. நான் எல்லா வீட்லயும் கேட்டிருக்கேன், யாரும் கோவிச்சுக்கல.

அடிமை சந்தை இருந்த இடம் பார்க்கிறதுக்கு இருக்கா?

இருக்கு. பேரு ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட், டவுன்ல இருந்து செயின்ட் கேத்தரின் தெரு போய் முடியிற முச்சந்தி. நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடி இந்தப் பக்கத்துல பெரிய சந்தை இதுதான். வர்ஜீனியா, மேரிலேண்ட்ல புகையிலை நிலம் சோர்ந்து போச்சு, அங்க 'அதிகமா' இருந்த ஆளுங்களை வாங்கி ஆயிரம் மைல் சங்கிலில பிணைச்சு நடத்தியே கூட்டிட்டு வருவாங்க, சில பேரை கப்பல்ல. ஐசக் ஃபிராங்க்ளின், ஜான் ஆர்ம்ஃபீல்ட்னு ரெண்டு பேர் பார்ட்னர்ஷிப் போட்டு இதையே கம்பெனியா நடத்துனாங்க. 1833-ல காலராவுல செத்த ஆளுங்களை ஃபிராங்க்ளின் யாருக்கும் தெரியாம பள்ளத்துல புதைச்சது வெளிய வந்து ஊரே கொதிச்சுது, கொதிச்சது நோய் தொத்திக்குமேன்னு. வியாபாரத்தை தடுக்கல, டவுன் எல்லைக்கு வெளிய தள்ளினாங்க, அவ்ளோதான். அப்படித்தான் எல்லைக்கு வெளிய இருந்த இந்த முச்சந்தி பெரிய சந்தையாச்சு.

இங்க ஏலம் கிடையாது. குளிக்க வெச்சு, எண்ணெய் தடவி, புதுத்துணி போட்டு வரிசையா நிறுத்துவாங்க, வாங்க வந்தவன் மாட்டுத்தாவணில பல்லைப் பிடிச்சு பார்க்கிற மாதிரி பார்த்து பேரம் பேசுவான். 1863-ல யூனியன் படை வந்ததும் அந்த கொட்டடிகளை உடைச்சு மரத்தை ராணுவ கொட்டகை கட்ட எடுத்துக்கிட்டாங்க.

இப்ப போனா என்ன பார்க்கலாம்னா, ஒரு புல்தரை, சில விளக்கப் பலகை, சிமெண்ட்ல பதிச்சு வெச்ச கைவிலங்கு சங்கிலி. ரோட்டுல கார் போயிட்டே இருக்கும். முதல் தடவை நான் இதுதானான்னு தாண்டிப் போய் திரும்பி வந்தேன். உள்ளூர் கறுப்பின மக்கள் பல வருஷம் விடாம கேட்டு, 2021-ல தான் நேஷனல் பார்க்கைச் சேர்ந்த இடமாச்சு. நுழைவுக் கட்டணம் கிடையாது, கேட் கிடையாது, எப்ப வேணா போகலாம்.

அந்த காலத்து கறுப்பின மக்கள்ல பேர் தெரிஞ்சவங்க யாராவது?

நிறைய பேர், எனக்கு மனசை விட்டு போகாத ரெண்டு பேரைப் பத்தி மட்டும் கொஞ்சம் விவரமா சொல்றேன்.

ஒருத்தர் இப்ராஹிமா அப்துல் ரஹ்மான். மேற்கு ஆப்பிரிக்கால ஃபூட்டா ஜாலோன்ங்கிற நாட்டு ஆட்சியாளரோட மகன், அரபி படிச்சவர், படைத் தளபதி. 26 வயசுல போர்ல பிடிபட்டு 1788-ல நேச்சஸ் வந்து தாமஸ் ஃபாஸ்டர்ங்கிற விவசாயிக்கு விக்கப்பட்டாரு. 1807-ல பக்கத்து ஊர் சந்தைல சீனிக்கிழங்கு வித்துட்டு இருக்கும்போது குதிரைல வந்த ஒரு ஐரிஷ் டாக்டர் அப்படியே நின்னுட்டாரு. ஜான் காக்ஸ்னு பேரு. பல வருஷம் முன்னாடி ஆப்பிரிக்கால வழி தவறி, உடம்பு முடியாம கிடந்தப்ப அவரை மாசக்கணக்குல வீட்ல வெச்சு பார்த்துக்கிட்டது இப்ராஹிமாவோட அப்பா. உடனே பணம் தரேன் இவரை விட்டுடுன்னு ஃபாஸ்டர்கிட்ட போனாரு, முடியாதுன்னுட்டான், தோட்டத்துக்கு அவ்ளோ தேவையான ஆள். அப்புறமும் இருபது வருஷம் போச்சு. 1826-ல இப்ராஹிமா அரபில எழுதின ஒரு கடிதம் உள்ளூர் பத்திரிகைக்காரர் மூலமா வாஷிங்டன் போய், மொராக்கோ ராஜா வரைக்கும் போய், கடைசில ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் தலையிட்டு 1828-ல விடுதலை. நாற்பது வருஷம் அடிமையா இருந்துட்டு 1829-ல லைபீரியா கரை இறங்கினாரு, சொந்த ஊர் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே அந்த வருஷமே 67 வயசுல இறந்துட்டாரு. பிள்ளைங்கள்ல சில பேர் பின்னாடி லைபீரியா போனாங்க, மத்தவங்க மிசிசிப்பியிலயே தங்கிட்டாங்க.

இன்னொருத்தர் வில்லியம் ஜான்சன். 11 வயசுல விடுதலை ஆனவர், முடி வெட்டுற தொழில். டவுன்ல சலூன் வெச்சு வெள்ளைக்கார பெரிய மனுஷங்களுக்கு சவரம் பண்ணிட்டே 1835-ல இருந்து 1851 வரைக்கும் 16 வருஷம் டைரி எழுதினாரு. மழை, குதிரைப் பந்தயம், மீன் பிடிச்சது, யார் யாரை தெருவுல அடிச்சாங்க, யார் கடன் பாக்கின்னு அத்தனையும் இருக்கு, அந்த ஊர் எப்படி இருந்துச்சுன்னு இன்னிக்கு நமக்கு தெரியிறதுல பெரும்பகுதி அவர் புண்ணியம். அவரே அடிமைகளை வெச்சிருந்தாரு, அதையும் சொல்லித்தான் ஆகணும். 1851-ல நில எல்லைத் தகராறுல பேலர் வின்ங்கிறவன் சுட்டுக் கொன்னான். சுட்டதைப் பார்த்த சாட்சிகள் கறுப்பினத்தவங்க, வெள்ளைக்காரனுக்கு எதிரா அவங்க சாட்சி சொல்ல சட்டத்துல இடமில்ல, வின் தன்னை வெள்ளைக்காரன்னு சொல்லிக்கிட்டான், தப்பிச்சுட்டான். டைரியை குடும்பம் தலைமுறையா பத்திரமா வெச்சிருந்து 1951-ல புத்தகமா வந்துச்சு. ஸ்டேட் தெருவுல அவர் வீடு இருக்கு, போய் பாருங்க.

இவங்களுக்கு அப்புறம் வந்தவங்கள்ல ஹைரம் ரெவல்ஸ், இந்த ஊர் சர்ச்ல பாதிரியாரா இருந்து 1870-ல அமெரிக்க செனட்டோட முதல் கறுப்பின உறுப்பினர் ஆனவர். ஜான் ராய் லிஞ்ச் டன்லீத் மாளிகைல அடிமையா இருந்தவர், விடுதலைக்கு அப்புறம் ஃபோட்டோ ஸ்டுடியோல வேலை பார்த்துட்டே சந்துக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்கார பிள்ளைங்க ஸ்கூல்ல நடக்கிற பாடத்தை ஜன்னல் வழியா கேட்டுக் கேட்டுப் படிச்சு, 1873-ல காங்கிரஸுக்கே போனாரு. டன்லீத் இன்னிக்கும் அப்படியே நிக்குது.

ரிதம் கிளப்னு ஒரு போர்டு பார்த்தோம், அது என்ன?

1940 ஏப்ரல் 23 ராத்திரி, செயின்ட் கேத்தரின் தெருவுல தகரம் அடிச்ச ஒரு டான்ஸ் ஹால். சிகாகோல இருந்து வால்டர் பார்ன்ஸ் பேண்ட் வந்திருக்குன்னு ஊர்ல இருந்த கறுப்பின இளசுங்க எல்லாம் திரண்டிருக்காங்க. அலங்காரத்துக்கு கூரை முழுக்க காஞ்ச ஸ்பானிஷ் மாஸ், பூச்சி வராம இருக்க அதுல பூச்சி மருந்து அடிச்சிருக்காங்க. டிக்கெட் வாங்காம யாரும் வந்துடக்கூடாதுன்னு ஜன்னலுக்கு எல்லாம் பலகை. வாசல் ஒண்ணே ஒண்ணு. திடீர்னு தீ பிடிச்சு 209 பேர் செத்தாங்க. ஜனங்க பயந்து ஓடாம இருக்கட்டும்னு பார்ன்ஸ் வாசிச்சுட்டே இருந்தாரு, அவரும் பேண்ட் ஆளுங்கள்ல பெரும்பாலானவங்களும் அதுலயே போயிட்டாங்க. நம்ம கும்பகோணம் ஸ்கூல் தீ விபத்து ஞாபகம் வராம அந்த இடத்துல நிக்க முடியல. அதே இடத்துல சின்ன மியூசியம் இருக்கு, ஆத்தோர பார்க்ல நினைவுக்கல்லும் இருக்கு. மரத்துல தொங்குற மாஸைப் பார்த்தாலே எனக்கு இப்ப இதுவும் சேர்ந்துதான் ஞாபகம் வருது.

1960-கள்ல இங்க ஏதாவது நடந்துச்சா?

நிறைய. 1965 ஆகஸ்ட்ல கறுப்பின மக்களோட உரிமைக்காக போராடுற என்ஏஏசிபிங்கிற அமைப்போட உள்ளூர் தலைவர் ஜார்ஜ் மெட்காஃப் கார்ல குண்டு வெச்சாங்க, பிழைச்சுட்டாரு. அதுக்கு அப்புறம் கறுப்பின மக்கள் வெள்ளைக்காரங்க கடைல சாமான் வாங்க மாட்டோம்னு நின்னு, சில மாசத்துலயே நகரசபையை இறங்கி வர வெச்சாங்க. ஊர்வலம் போனவங்கள்ல 150 பேருக்கு மேல பிடிச்சு பார்ச்மன்ங்கிற மாநில சிறைக்கு கொண்டுபோய் குளிர்ல துணி இல்லாம அடைச்சாங்க, அதுக்கு நகரம் மன்னிப்பு கேட்டது 2015-ல. 1967 பிப்ரவரி 27 அன்னிக்கு வார்லஸ்ட் ஜாக்சன்ங்கிற டயர் ஃபேக்டரி தொழிலாளி வேலை முடிஞ்சு வரும்போது வண்டில குண்டு வெடிச்சு செத்தாரு. அதுவரைக்கும் வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு இருந்த வேலைக்கு ப்ரமோஷன் வாங்கியிருந்தாரு, மணிக்கு 17 சென்ட் கூடுதல். இன்னிக்கு வரைக்கும் யார் மேலயும் கேஸ் இல்ல.

நேச்சஸ் ட்ரேஸ் முழுக்க ஓட்டணுமா?

நேச்சஸ்ல ஆரம்பிக்கிற ஒரு பழைய நடைபாதையை ஒட்டி போட்ட ரோடு இது, 444 மைல், டென்னசி மாநிலத்து நாஷ்வில் வரைக்கும். லாரி கிடையாது, கடை கிடையாது, விளம்பர போர்டு கிடையாது, 50 மைல் வேகம்தான். முழுசா வேண்டாம், முதல் 42 மைல் போதும். அந்த காலத்துல ஒஹாயோ பக்கத்து ஆளுங்க சரக்கை தட்டையான படகுல ஏத்தி ஆத்தோட்டத்துலயே மிதந்து வருவாங்க, எதிர்த்து திரும்பப் போக முடியாது, அதனால படகையும் மரமா வித்துட்டு இந்த வழியா நடந்தே ஊர் போவாங்க. 10-வது மைல்ல எமரால்டு மேடு, எட்டு ஏக்கர், ஐரோப்பியர் வர்றதுக்கு முன்னாடியே மண்ணைக் கூடை கூடையா சுமந்து கொட்டி கட்டினது, ஏறி நிக்கலாம். 15-வது மைல் கிட்ட மவுண்ட் லோகஸ்ட்னு வழிப்போக்கர் சத்திரம். 41.5-ல 'சங்கன் ட்ரேஸ்'. அங்க மண் காத்து கொண்டுவந்து போட்ட மெத்து மெத்துனு இருக்கிற மண், கால் பட்டு குளம்பு பட்டு பாதை உள்ள உள்ள இறங்கி ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல சுவர், அதுல மரவேர் பாம்பு மாதிரி தொங்கும். மழை பெய்ஞ்ச மறுநாள் வழுக்கும், நல்ல ஷூ போடுங்க.

குழந்தைங்களுக்கு போர் அடிக்காதா?

எங்க பொண்ணுக்கு பிடிச்சது மயானம். 1822-ல ஆரம்பிச்சது, ஆத்தைப் பார்த்த மேடு, பூங்கா மாதிரி இருக்கும். 1871-ல 10 வயசுல இறந்த ஃப்ளோரன்ஸ் ஃபோர்டுங்கிற பொண்ணுக்கு இடி மின்னல்னா பயமாம், அதனால அவ அம்மா கல்லறை தலைமாட்டுல கீழ இறங்கிப் போக படி வெச்சுக் கட்டினாங்க, புயல் வந்தா போய் பக்கத்துல உட்கார்ந்துக்கிறதுக்கு. அந்தப் படி இன்னும் இருக்கு. எங்க பொண்ணு அதுல இறங்கி உட்கார்ந்துட்டு ஏறி வர மாட்டேன்னுட்டா. 1908-ல ஒரு மருந்து கம்பெனி வெடிவிபத்துல செத்த இளம்பெண்களுக்கு வெச்ச தேவதை சிலையும் இங்கதான், ராத்திரி கார் வெளிச்சம் பட்டா திரும்புற மாதிரி தெரியுமாம், நாங்க பகல்ல மட்டும்தான் போயிருக்கோம்.

நம்ம ஆளுங்களுக்கு சாப்பாடு எப்படி?

அசைவம்னா கவலையே இல்ல, கெளுத்தி மீன் வறுவல், அப்புறம் டமாலி. சோளமாவுக்குள்ள காரமா கறி வெச்சு சோளத்தோகைல சுருட்டி மசாலா தண்ணில வேக வைக்கிறது, ஓலைக் கொழுக்கட்டை பிரிக்கிற மாதிரி சூடா பிரிச்சு சாப்பிடணும். சைவம்னா ஜாக்கிரதை, கீரை, பீன்ஸ்னு மெனுல இருந்தாலும் உள்ள பன்றிக்கறி துண்டு போட்டிருப்பாங்க, கேட்டுட்டு வாங்குங்க. நாங்க ரைஸ் குக்கரும் புளிக்காய்ச்சலும் எடுத்துட்டுதான் போவோம்.

எந்த மாசம் போகலாம்?

மார்ச், ஏப்ரல் பூவுக்கு, அக்டோபர் பலூன் திருவிழாவுக்கு. ஜூலை, ஆகஸ்ட் சென்னை மே மாசம் மாதிரி புழுக்கம், கொசு வேற.

நம்ம நிறத்தைப் பார்த்து யாராவது ஏதாவது சொல்லுவாங்களா?

நாலு தடவைல ஒரு தடவை கூட இல்ல. முன்ன பின்ன தெரியாதவங்க கூட நின்னு எந்த ஊர், எப்ப வந்தீங்கன்னு விசாரிப்பாங்க, அந்த விஷயத்துல நம்ம ஊர் மாதிரிதான்.

ஒரே ஒரு நாள்தான் இருக்குன்னா?

காலைல முதல் வேலையா ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோட் போயிடுங்க. மாளிகையை முதல்ல பார்த்துட்டு இங்க வர்றதுக்கும், இங்க நின்னுட்டு மாளிகைக்கு போறதுக்கும் அவ்ளோ வித்தியாசம் இருக்கு, பங்கா கயிறு கண்ணுல படுறதே அப்பதான். அங்கிருந்து மெல்ரோஸ் பத்து நிமிஷம்தான். மதியம் டவுன்ல சாப்பிட்டு வில்லியம் ஜான்சன் வீடு வரைக்கும் நடந்துடுங்க. சாயங்காலம் லாங்வுட், ஆனா கடைசி டூர் எத்தனை மணிக்குன்னு காலைலயே ஃபோன் பண்ணி கேட்டு வெச்சுக்கோங்க, முதல் தடவை நாங்க கேட் மூடினப்புறம் போய் வெளில இருந்து வெங்காய கோபுரத்தை மட்டும் பார்த்துட்டு வந்தோம்.